விழுகிறவனுக்கு எடை இல்லை



ஒரு பேராசிரியர் தம் ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்தியபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆண்டுக்கொரு முறை இயற்பியலில் ஏதேனும் ஒரு பொருளைத் தமிழில், கரும்பலகை இல்லாமல் பேச வேண்டும். அதனால் இன்று சமன்பாடு எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு தர்பூசணியும் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் பாட்டில். ஒரு லிட்டர் பிடிக்கும் சாதாரண பாட்டில்தான். காம்பஸ் முள்ளைச் சூடாக்கி, அடிப்பக்கம் இரண்டு துளை போட்டிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் இரண்டு துளையிலும் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது உங்களுக்கே தெரிகிறது. இப்போது மாடி வரிசையில் நிற்கும் தம்பி இதே பாட்டிலைக் கீழே உள்ள வாளிக்குள் விழும்படி கைவிடப் போகிறார். சுமார் மூன்று மீட்டர் உயரம், முக்கால் நொடிப் பயணம். துளைகளை மட்டும் பாருங்கள்.

பார்த்தீர்களா? கையை விட்ட கணத்திலேயே பீய்ச்சல் நின்றுவிட்டது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கிறது, துளை திறந்தே இருக்கிறது, இருந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மேலே உள்ள தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அமுக்குவதால்தான் துளையில் பீய்ச்சல் வருகிறது. விழும்போது அந்த அமுக்கம் இல்லை. விழுகிற தண்ணீருக்கு எடை இல்லை.

1907இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 28 வயது இளைஞருக்குத் தோன்றியதும் இதேதான். சுதந்திரமாக விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான். தம் வாழ்வில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த எண்ணம் அதுவே என்று ஐன்ஸ்டைன் பின்னாளில் குறிப்பிட்டார். அந்த எண்ணம் முழுக் கோட்பாடாக உருவெடுக்க எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1915 நவம்பர் 25 அன்று பெர்லினில் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் முன் பொதுச் சார்பியலின் புலச் சமன்பாடுகளை அவர் வைத்தார்.

நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். இந்தக் கோட்பாடு கடினமானது, அதன் கணிதம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே புரியும் என்ற பேச்சை அத்தனை ஆண்டுகளும் கேட்டிருக்கிறேன். கணிதம் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் புரியாமல் போவதற்குக் காரணம் கணிதம் இல்லை என்பது என் அனுபவம். ஈர்ப்பைப் பற்றி எட்டாம் வகுப்பிலிருந்து நம் மனத்தில் ஊறிப்போன சில படங்கள்தான் குறுக்கே நிற்கின்றன. அவற்றில் சிலவற்றை நானே என் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த உரை ஓரளவுக்கு அந்தக் கடனைத் தீர்ப்பதற்காக.

நம் சொல்லிலிருந்தே தொடங்கலாம். புவியீர்ப்பு விசை என்கிறோம். 'ஈர்ப்பு' என்றாலே இழுப்பது. அதோடு 'விசை'யும் சேர்ந்துகொள்கிறது. பூமி கயிறு கட்டி நம்மை இழுக்கிறது என்ற படம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும் கயிறு எங்கே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நியூட்டனிடமும் இல்லை. இடையில் எதுவுமே இல்லாமல் ஒரு பொருள் தொலைவில் உள்ள மற்றொன்றின் மேல் செயல்படும் என்பதை அறிவுள்ள எவரும் ஏற்கமாட்டார் என்ற கருத்தை அவரே பெண்ட்லி என்ற பாதிரியாருக்குக் கடிதத்தில் எழுதினார். விதியைக் கொடுத்தார், காரணத்தைத் திறந்தே விட்டுவைத்தார். அந்த நேர்மையை நாம் பாடமாகச் சொல்வதே இல்லை.

இப்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்கு வாருங்கள். முடுக்கத்தை அளக்கும் சிறு உணரி ஏறக்குறைய எல்லாத் தொடுதிரைக் கைபேசியிலும் உண்டு. கைபேசியைத் திருப்பினால் திரையும் திரும்புவது அதனால்தான். அந்த உணரி காட்டும் எண்ணை அப்படியே திரையில் தரும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. கைபேசியை மேசையில் அசையாமல் வையுங்கள். உணரி 9.8 என்று காட்டும், திசை மேல்நோக்கி. அதே கைபேசியை ஓர் ஆள் உயரத்திலிருந்து மெத்தை மேல் விழவிட்டு, பதிவான வரைபடத்தைப் பாருங்கள். விழுந்த அரை நொடியும் கோடு பூச்சியத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

பள்ளியில் நாம் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர்மாறு. மேசை மேல் இருப்பது ஓய்வில் இருக்கிறது, விழுவது முடுக்கம் பெறுகிறது என்கிறோம். கருவியோ மேசை மேல் இருப்பதுதான் முடுக்கம் பெறுகிறது என்கிறது, அதுவும் மேல்நோக்கி. உணரி வேலை செய்யும் விதம் அப்படி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. ஐன்ஸ்டைன் தப்பிக்கவில்லை. கருவி சொல்வதே உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். நீங்கள் இப்போது நாற்காலியில் உணரும் எடை, பூமி உங்களைக் கீழே இழுப்பதால் வருவதில்லை. நாற்காலி உங்களை மேலே தள்ளுவதால் வருகிறது. தள்ளுவது நின்றால் எடையும் போய்விடும். பொதுச் சார்பியலின் அடித்தளம் முழுதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

இதை நம்பத் துணிவு தந்தது ஒரு பழைய உண்மை. காற்றின் தடை இல்லையென்றால் கனமானதும் இலேசானதும் ஒன்றாகவே விழும். நியூட்டன் இதைச் சும்மா நம்பிவிடவில்லை. தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை என்று ஒன்பது பொருட்களை ஊசலில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. ஹங்கேரியின் ஈட்வெஷ் முறுக்குத் தராசைக் கொண்டு பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை போனார். 2016இல் பிரான்ஸ் ஏவிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் டைட்டானியக் கலவையும் பிளாட்டினக் கலவையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தன. 2022இல் வெளியான இறுதி முடிவின்படி, பத்துக் கோடி கோடியில் சில பங்கு என்ற அளவு வரை வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தங்கமும் கோதுமையும் ஒரே மாதிரி விழுகின்றன என்றால், விழுவது அந்தப் பொருளின் குணமாக இருக்க முடியாது. அது போகும் வழியின் குணமாகத்தான் இருக்க வேண்டும். ஒரே சாலையில் லாரியும் சைக்கிளும் ஒரே வளைவில் திரும்புகின்றன என்றால் வளைந்திருப்பது சாலைதான்.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்பது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தூரத்தைவிடவும் குறைவு. அங்கே நியூட்டன் கணக்குப்படி ஈர்ப்பு, தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 89 விழுக்காடு. அங்கே இருப்பவர்களும் நம் பாட்டில் தண்ணீரைப் போல விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டு வேகமும் இருப்பதால், எவ்வளவு விழுந்தாலும் தரை அவர்களுக்கு எட்டுவதில்லை. நம் தம்பி விட்ட பாட்டில் முக்கால் நொடிக்கு விண்வெளி நிலையமாக இருந்தது. வாளி வந்து கெடுத்துவிட்டது.

இப்போது தர்பூசணி. இதைக் கொண்டுவந்ததற்கு ஒரு கதை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நான் இதே விஷயத்தை, தரை நம்மை மேலே தள்ளுகிறது என்பதை, பெருமையாகச் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், மதுரைல தரை மேல தள்ளுது. அமெரிக்காலயும் மேல தள்ளுது. எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுதுன்னா பூமி பெருத்துக்கிட்டே போகணுமே சார், ஏன் போகல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வகுப்பில் இருந்த எல்லோரையும்விட அவள்தான் நான் சொன்னதை உண்மையாக எடுத்துக்கொண்டு யோசித்தவள். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். மறு வாரம் உழவர் சந்தையில் உருண்டையாக ஒரு தர்பூசணி வாங்கிக்கொண்டு போனேன்.

இதோ பாருங்கள். காம்பு இருக்கும் இடம் வட துருவம் என்று வைத்துக்கொள்வோம். நடு வயிறு நிலநடுக்கோடு. செல்லோ டேப்பை மெல்லிய பட்டையாகக் கத்தரித்து, நடு வயிற்றில் தொடங்கி, காம்பை நோக்கிச் சுருக்கம் விழாமல் ஒட்டிக்கொண்டே போகிறேன். சுருக்கம் விழாமல் ஒட்டினால் பட்டை தானாக எந்த வழியில் போகிறதோ, அதுதான் இந்தப் பரப்பில் நேரான பாதை. நான்கு விரல் தள்ளி இன்னொரு பட்டை. தொடங்கும்போது இரண்டும் இணையாக இருக்கின்றன. மேலே போகப் போக நெருங்குகின்றன, காம்பில் சந்தித்துவிடுகின்றன. ஒன்றை மற்றொன்று இழுத்ததா? இல்லை. இரண்டும் கோணாமல் நேராகத்தான் போயின. பரப்பு வளைந்திருந்ததால் சந்தித்தன.

அடுத்து, இரண்டு எறும்புகள் நடு வயிற்றில் தொடங்கி வடக்கே போகட்டும். ஆனால் தமக்கு இடையே உள்ள நான்கு விரல் இடைவெளி கடைசி வரை குறையக் கூடாது என்று அவை உறுதி எடுத்திருக்கின்றன. என்ன செய்ய வேண்டும்? நேராகப் போனால் நெருங்கிவிடும். ஆகவே இடது எறும்பு ஓயாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், வலது எறும்பு ஓயாமல் வலப்பக்கம். அந்தப் பாதையில் டேப்பை ஒட்டிப் பாருங்கள், ஓரத்தில் சுருக்கம் விழுகிறது. இரண்டும் வெளிப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கின்றன. இருந்தும் இடைவெளி ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை.

அந்த மாணவிக்கு விடை இதுதான். தர்பூசணியில் வடக்கு என்ற திசை இருக்கும் இடத்தில், இடமும் காலமும் சேர்ந்த காலவெளியில் 'நாளை' என்ற திசையை வையுங்கள். நாம் எல்லோரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், நாளையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறோம். மதுரைத் தரையும் அமெரிக்கத் தரையும் தடையில்லாமல் விடப்பட்டால், அவற்றின் நேர்ப்பாதைகள் பூமியின் மையத்தில் போய்ச் சந்திக்கும். அப்படிச் சந்திக்கவிடாமல் பாறைகளின் அழுத்தம் ஒவ்வொரு கணமும் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் திருப்பலைத்தான் கைபேசி 9.8 என்று காட்டுகிறது. அந்தத் திருப்பலைத்தான் நாம் எடை என்கிறோம். பூமி பெருக்காததற்கும் காரணம் அதே வளைவுதான். வளைந்த காலவெளியில் இருந்த இடத்தில் இருப்பதற்கே ஓயாமல் முடுக்கம் வேண்டும்.

அந்தப் பெண் தர்பூசணியைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

விழுகிறவனுக்கு எடை இல்லை என்ற இந்த எண்ணத்துக்குச் சமானக் கோட்பாடு என்று பெயர். அதைப் படித்த சிலர் இங்கே வேறொரு பக்கம் வழுக்கிவிடுகிறார்கள். விழுந்தால் எடை போய்விடுகிறது, ஆகவே ஈர்ப்பு என்பதே மாயை என்று முடிவுகட்டுகிறார்கள். அதுவும் தவறு. இரண்டு கோலிக்குண்டுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் பிடித்து, பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கி விழுவதால், தரையைத் தொடும்போது இடைவெளி சுமார் 1.6 மைக்ரோமீட்டர் குறைந்திருக்கும். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். ஆனால் எப்படி விழுந்தாலும் அந்த நெருக்கத்தை ஒழிக்க முடியாது. அது தர்பூசணிப் பட்டைகளின் நெருக்கம். நிலவு கடலை இரண்டு பக்கமும் உப்பவைத்து ஓதத்தை உண்டாக்குவதும் இதே வகை விளைவு. ஈர்ப்பில் உண்மையிலேயே இருப்பது எடை இல்லை, பக்கத்துப் பக்கத்துப் பாதைகள் நெருங்குவதும் விலகுவதும்தான். 1955இல் கொல்கத்தாவில் இருந்த அமல் குமார் ராய்சௌதுரி, அந்த நெருக்கம் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சமன்பாட்டைக் கண்டார். பென்ரோஸும் ஹாக்கிங்கும் பின்னர் நிறுவிய தேற்றங்கள் அந்தச் சமன்பாட்டின் தோளில் நிற்பவை. நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காலவெளி வளைந்திருக்கிறது என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது ரப்பர் விரிப்புப் படம். இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பின் நடுவில் ஒரு கனமான குண்டு, அதன் பள்ளத்தில் சின்னக் குண்டு சுற்றிவரும். காட்சியாக அழகு. எனக்கு அதில் இரண்டு மனக்குறைகள். சின்னக் குண்டு பள்ளத்தில் உருள்வதே கீழே பூமி இழுப்பதால்தான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன்வாங்கினால் அது எப்படி விளக்கமாகும்? இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அந்த விரிப்பில் இடம் மட்டுமே வளைந்திருக்கிறது, காலம் இல்லை. நம் வீட்டு மாங்காய் கீழே விழுவதில் இடத்தின் வளைவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். கிட்டத்தட்ட முழுவதும் காலத்தின் வேலை.

கிரிக்கெட் ஆடுகளத்தை எடுத்துக்கொள்வோம். 22 கஜம், ஏறத்தாழ 20 மீட்டர். ஒருவர் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். அது போய்ச் சேர 2 நொடி ஆகிறது, நடுவில் 4.9 மீட்டர் எழும்புகிறது. இன்னொருவர் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரம் எறிகிறார். அரை நொடியில் போய்விடுகிறது, எழும்புவது 31 சென்டிமீட்டர்தான். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்று நன்றாக வளைந்த வில், மற்றது ஏறக்குறைய நேர்கோடு. இரண்டு பந்தும் ஒரே வளைந்த வெளியில்தான் போகின்றன என்றால் பாதை ஏன் இப்படி வேறுபடுகிறது? இடத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. காலத்தையும் நீளமாக அளந்து சேருங்கள். ஒரு நொடி என்பது ஒளி போகும் தூரம், 3 இலட்சம் கிலோமீட்டர். முதல் பந்தின் பாதை 6 இலட்சம் கிலோமீட்டர் நீளத்தில் 4.9 மீட்டர் எழும்பிய வில். இரண்டாவது ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் நீளத்தில் 31 சென்டிமீட்டர் எழும்பிய வில். இந்த இரண்டு வில்லும் எந்த வட்டத்தின் துண்டு என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் ஒரே ஆரம் வருகிறது, ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு. எறிந்த விதம் எதுவானாலும் வளைவு ஒன்றே. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளே, இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும், வீட்டில் போட்டுப் பாருங்கள்.

காலம் வளைவது என்றால் நடைமுறையில் என்ன? தாழ்வான இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும், உயரத்தில் வேகமாக ஓடும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே ஓர் அணுக் கடிகாரம் வைத்தால் சென்னையில் உள்ளதைவிட ஆண்டுக்கு ஏழரை மைக்ரோநொடிக்குச் சற்று மேல் முந்திப் போகும். கடிகாரக் கோளாறு இல்லை அது. உதகையில் காலமே அவ்வளவு கூடுதலாகக் கழிகிறது. 1960இல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் வெறும் 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில் இந்த வேறுபாட்டை அளந்துகாட்டினார்கள். 2010இல் அமெரிக்காவில் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தே அளந்தார்கள். அதாவது ஓரிரு படி ஏறினாலே காலம் வேறுபடுவதை அளந்து பார்க்க முடிகிறது.

வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் இது அன்றாட வேலை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகிறது. வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகிறது. மிச்சம் 38. அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 1977இல் இந்தத் திட்டத்துக்கான சோதனைச் செயற்கைக்கோளை ஏவியபோது, பொறியாளர்கள் சிலருக்கு இந்தத் திருத்தம் தேவையா என்ற ஐயம் இருந்தது. அதனால் திருத்தத்தை ஒரு சுவிட்சில் வைத்து, அணைத்த நிலையிலேயே அனுப்பினார்கள். 20 நாள் பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் கணக்குப்படி எவ்வளவு முந்த வேண்டுமோ, நூற்றுக்கு ஒரு பங்கு பிசகில் அவ்வளவு முந்தியது. பிறகு சுவிட்சைப் போட்டார்கள். கோட்பாடுகளை எப்படி ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நம் நாவிக் செயற்கைக்கோள்களுக்கும் இந்தத் திருத்தத்திலிருந்து விலக்கு இல்லை.

அப்படியானால் இடத்தின் வளைவு எங்கேதான் தெரியும்? மிக வேகமாகப் போகும் ஒன்றில், அதாவது ஒளியில். 1911இல் ஐன்ஸ்டைன் சமானக் கோட்பாட்டை மட்டும் வைத்து, சூரியனை உரசிவரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டார். அன்று அவர் கையில் காலத்தின் வளைவு மட்டுமே இருந்தது. விடை பாதிதான் வந்தது. அதைச் சோதிக்க ஃப்ராய்ண்ட்லிச் என்ற வானியலாளர் 1914 ஆகஸ்ட் சூரிய கிரகணத்துக்காகக் கருவிகளோடு கிரிமியாவுக்குப் போனார். அதற்குள் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் என்று ரஷ்யர்கள் அவரைப் பிடித்துவைத்தார்கள், கருவிகளும் போயின. அன்று அளந்திருந்தால் ஐன்ஸ்டைனின் கணக்குத் தவறு என்று வந்திருக்கும். 1915இல் இடத்தின் வளைவையும் சேர்த்தபோது விடை இரட்டித்தது, 1.75 விகலை. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் ஏறக்குறைய அவ்வளவு கோணம். 1919 மே 29 கிரகணத்தில் பிரேசிலின் சோப்ரலிலும் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய பிரின்சிப்பே தீவிலும் ஆங்கிலேயக் குழுக்கள் அளந்தது இரட்டித்த மதிப்போடு ஒத்துப்போனது. பாதி காலத்தின் பங்கு, பாதி இடத்தின் பங்கு.

ஐன்ஸ்டைனைச் சோதித்ததில் நம் மலைக்கும் ஒரு பங்கு உண்டு. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். சூரியப் பரப்பின் கொந்தளிப்பு அந்தச் சிறு நகர்வை மறைத்தது, எளிதில் பிடிபடவில்லை. 1922 கிரகணத்துக்காக ஆஸ்திரேலியாவின் வாலால் கடற்கரைக்கும் போனார். கருவிக் கோளாற்றால் பயன்படும் படங்கள் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் மொழிபெயர்த்து, 1920இலேயே கல்கத்தா பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டுவிட்டது. இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை.

கருந்துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'துளை' என்றதும் குளியலறைத் தண்ணீர் சாக்கடைக்குள் சுழன்று இறங்கும் படம் வந்துவிடுகிறது. சுற்றியுள்ளதையெல்லாம் உறிஞ்சும் பூதம் என்று தொலைக்காட்சியும் சொல்கிறது. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும் வரும், பாதை மாறாது. அந்தக் கருந்துளையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். மிக அருகில் போனால்தான் ஆபத்து.

ஐன்ஸ்டைன் நியூட்டனைப் பொய்யாக்கிவிட்டார் என்பதும் சரியில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பாதையின் கணக்கில் பெரும்பகுதி நியூட்டனுடையதே. வேகம் குறைவாகவும் வளைவு இலேசாகவும் இருக்கும் இடத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் நியூட்டன் சொன்னதையே தருகின்றன. சூரியனுக்கு மிக அருகே சுற்றும் புதனின் பாதை மெல்லத் திரும்புவதில் மட்டும் நூறாண்டுக்கு 43 விகலை கணக்கில் அடங்காமல் மிஞ்சியது. 1859இல் வானியலாளர் லெவெரியே அந்தப் பிசகைக் கண்டபோது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இருக்கிறது என்று நினைத்தார்கள். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் கணக்கில் அந்த 43 எதையும் வளைக்காமல் திருத்தாமல் அப்படியே வந்து விழுந்தது. அன்று தம் நெஞ்சு படபடத்ததாக நண்பரிடம் சொன்னார்.

ஈர்ப்பு கணத்தில் பாயும் என்ற பழைய எண்ணத்துக்கும் அளந்து கண்ட விடை இருக்கிறது. 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது காலவெளியின் அதிர்வு, பூமிக்கு வந்தது. சுமார் 13 கோடி ஆண்டுப் பயணம். ஈர்ப்பலை வந்து 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வந்தது. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன, ஈர்ப்பும் ஒளியின் வேகத்தில்தான் போகிறது என்றுதான் கொள்ள வேண்டும். இத்தகைய அலைகளைப் பிடிக்க மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளோடு லைகோ-இந்தியா ஆய்வகம் அமையவிருக்கிறது. இதோ முன்வரிசையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளில் சிலராவது அங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'புவியீர்ப்பு விசை' என்ற சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது நிலைத்துவிட்டது. அந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில், சூத்திரத்தை எழுதுவதற்கு முன்னால், ஒரு பாட்டிலில் துளைபோட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தண்ணீர் ஏன் நின்றது என்று அவர்களே பேசட்டும். ஒரு வகுப்பு நேரம் முழுதும் போனாலும் போகட்டும். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பாட்டிலை இந்த மேசை மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வாளியில் தண்ணீர் இருக்கிறது. மாடிப்படி இடப்பக்கம்.